ஆக்சஸ் முன்னால், எஸ்க்யூஎல் சர்வர் பின்னால்: ரிலேஷன்ஷிப் கேள்வி பதில்

புதியவன்: ஆக்சஸில் இருந்த டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வருக்கு (டேட்டாவைத் தனியாக வைத்திருக்கும் சர்வர் டேட்டாபேஸ்) மாற்றி ஆக்சஸில் லிங்க் செய்தேன். ரிலேஷன்ஷிப் கோடு போட முடிகிறது. 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' (தாய் டேபிளில் இல்லாத எண்ணை நுழைய விடாத விதி) மட்டும் மங்கிக் கிடக்கிறது. ஏன்?

பதில்: டேபிள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விதி போட முடியும். லிங்க் டேபிள்களுக்கு நடுவே ஆக்சஸில் நீங்கள் போடும் கோடு, குவெரி டிசைனில் ஜாயின் (டேபிள் இணைப்பு) தானாக வந்து விழ உதவும். தவறான டேட்டாவை அது தடுக்காது. ஃபாரின் கீயை, அதாவது இந்த டேபிளில் வரும் எண் அந்த டேபிளிலும் இருந்தாக வேண்டும் என்ற விதியை, சர்வரில் போடுங்கள். முதலில் பேக்கப்.

தேனீ: சர்வரில் ஃபாரின் கீ போட்டால் 547 பிழை. ஆர்டர் டேபிளில் பல வரிகளில் வாடிக்கையாளர் எண் 0.

பதில்: பழைய கதை. ஆக்சஸில் எண் ஃபீல்டுக்கு டீஃபால்ட்டாக 0 உட்கார்ந்திருக்கும். யாரும் நிரப்பாவிட்டால் அதுவே சேமிக்கப்படும். இத்தனை நாள் கோடு மட்டும் இருந்தது, விதி இல்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. டீஃபால்ட்டை எடுங்கள், 0-களை NULL (வெற்று மதிப்பு) ஆக்குங்கள், அப்புறம் கீ போடுங்கள். அவசரத்தில் 'வித் நோசெக்' (பழைய வரிகளைச் சரிபார்க்காதே) போட்டுத் தப்பிக்காதீர்கள்: பழைய குப்பை உள்ளேயே இருக்கும், அந்தக் கீயை சர்வரும் நம்பாது. ஏற்கெனவே போட்டிருந்தால், டேட்டாவைச் சுத்தம் செய்துவிட்டு 'வித் செக் செக் கன்ஸ்ட்ரெயின்ட்' கொடுங்கள். இரண்டு செக் வருவது எழுத்துப்பிழை இல்லை. இன்னொன்று: ஃபாரின் கீக்கு ஆக்சஸ் தானே இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) போட்டுக்கொள்ளும், எஸ்க்யூஎல் சர்வர் போடாது. நீங்கள்தான் போட வேண்டும்.

மழைக்காலம்: எனக்கும் அந்த டிக் பாக்ஸ் மங்கலாக இருக்கிறது சார்.

பதில்: முதல் பதில்.

நைட்ஷிப்ட்: வாடிக்கையாளர்–ஆர்டர், வாடிக்கையாளர்–ரசீது, ஆர்டர்–ரசீது மூன்றுக்கும் ஆக்சஸில் கேஸ்கேட் டெலீட் (தாய் வரியை அழித்தால் அதைச் சார்ந்த வரிகளும் அழிவது) இருந்தது. சர்வர் 1785 என்று மறுக்கிறது.

பதில்: வாடிக்கையாளரை அழித்தால் ரசீதுக்கு இரண்டு வழியில் அழிப்பு போய்ச் சேர்கிறது. ஆக்சஸ் இதைக் கண்டுகொள்ளாது. எஸ்க்யூஎல் சர்வர் ஒரு டேபிளுக்கு ஒரே வழிதான் அனுமதிக்கும். சர்வர் மறுத்ததே நல்லது. பணம் வாங்கிய வாடிக்கையாளரை எதற்கு அழிக்க வேண்டும்? மூன்றையும் 'நோ ஆக்‌ஷன்' (சார்ந்த வரி இருந்தால் அழிக்க விடாது) ஆக்கிவிட்டு, 'செயலில் இல்லை' என்று ஒரு ஃபீல்டு வையுங்கள். ஆர்டருக்கும் அதன் பொருள் வரிகளுக்கும் நடுவே மட்டும் கேஸ்கேட் இருக்கட்டும்.

கோடாங்கி: ஒரு ட்ரிக்கர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கோட்) எழுதினால் முடிந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு?

பதில்: எழுதிப் பாருங்கள். சாதாரண ஆஃப்டர் ட்ரிக்கர் (டெலீட் நடந்த பிறகு ஓடுவது) ஓடுவதற்கு முன்பே ஃபாரின் கீ டெலீட்டைத் தடுத்துவிடும்.

கோடாங்கி: அப்படியானால் கீயை எடுத்துவிடுவேன்.

பதில்: எடுத்தால் டெலீட்டுக்கு ஒரு ட்ரிக்கர், இல்லாத வாடிக்கையாளர் எண்ணை யாராவது நுழைத்தால் பிடிக்க ஒன்று, எண் மாறினால் இன்னொன்று. ஒருவர் ரசீது போடும் அதே நொடியில் மற்றவர் வாடிக்கையாளரை அழித்தால்? ஒரு வரி ஃபாரின் கீ செய்யும் வேலை இது.

கோடாங்கி: இன்ஸ்டெட் ஆஃப் ட்ரிக்கர் (டெலீட்டுக்குப் பதிலாக ஓடுவது) இருக்கிறதே.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், கீயை வைத்துக்கொண்டே அது ஓடும். ஆனால் அடுத்து வருபவர் சாதாரண டெலீட் எழுதிவிட்டு, பின்னால் என்னென்ன போயின என்று தெரியாமலே இருப்பார். நான் வைக்க மாட்டேன்.

அரைக்கிணறு: புது ரெக்கார்டில் தட்டச்சு தொடங்கியதும் ஆட்டோநம்பர் வரும், இப்போது வருவதில்லை. குழந்தை டேபிளில் சேர்க்கும் என் கோட் உடைகிறது.

பதில்: ஐடென்டிட்டி (ஆட்டோநம்பருக்கு சர்வரில் இணை) எண்ணை சர்வர் தருவது சேமித்த பிறகுதான். 'மீ டாட் டர்ட்டி ஈக்வல் ஃபால்ஸ்' (Me.Dirty = False) என்று முதலில் சேமித்துவிட்டு எண்ணை எடுங்கள். ரெக்கார்ட்செட் திறந்தால் 'டிபி சீ சேஞ்சஸ்' (dbSeeChanges) கட்டாயம்.

வெண்டைக்காய்: எனக்கு மைஎஸ்க்யூஎல். கீ போட்டேன், ஆனால் எதையும் தடுக்கவில்லை.

பதில்: என் களம் இல்லை. டேபிள் மைஐசாம் (மைஎஸ்க்யூஎல் டேபிளைச் சேமிக்கும் ஒரு முறை) வகையா என்று மட்டும் பாருங்கள். அது ஃபாரின் கீயை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் விட்டுவிடும். இன்னோடிபி வேண்டும்.

சிட்டு: கோடு போட்டும் தவறான எண் ஏறுகிறதே? நோசெக் போடலாமா?

பதில்: முதல் பதில், அப்புறம் இரண்டாவது பதில். நோசெக் கூடாது, கூடாது.

கோடாங்கி: சரி, ட்ரிக்கர் வேண்டாம். சோதனைக்காகப் போட்ட வாடிக்கையாளரை எப்படித்தான் அழிப்பது?

பதில்: ஸ்டோர்டு புரொசீஜர் (சர்வரில் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு). ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள் ரசீது, ஆர்டர், கடைசியில் வாடிக்கையாளர்: எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. ஆக்சஸிலிருந்து பாஸ்-த்ரூ குவெரியில் (கட்டளையை அப்படியே சர்வருக்கு அனுப்புவது) கூப்பிடுங்கள், 'ரிட்டர்ன்ஸ் ரெக்கார்ட்ஸ்' நோ. டேபிளில் நேரடி டெலீட் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள், உங்களிடமிருந்தும்தான்.