பேக் கியரைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: கப்பலூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்து பெல்ட் லேத். மூன்று படி கோன் புல்லி, பேக் கியர் உண்டு. ஸ்பீடு மாற்ற ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைத் தள்ள வேண்டும். பேக் கியர் போட்டால் ஒரே சத்தம். “பல்லெல்லாம் போச்சு. எல்லாத்தையும் கழற்றிட்டு வி.எஃப்.டி. மாட்டுங்க, பழைய கியரை நானே எடுத்துக்கிறேன்” என்கிறார் ஒரு புரோக்கர். வருவது பெரும்பாலும் பிரேக் டிரம், பம்ப் ஷாஃப்ட். செய்யலாமா?

பதில்: வி.எஃப்.டி. என்பது கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்கும் டிரைவ். மாட்டிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பேக் கியர், அதாவது சக்கின் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் அந்தப் பல்சக்கரங்கள், இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

காரணம் உங்கள் பிரேக் டிரம்தான். 300 மி.மீ. டிரம்மை சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் நிமிஷத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய, டிரம்மைப் பிடித்திருக்கும் சக் நிமிஷத்துக்கு 21 சுற்றுதான் சுற்ற வேண்டும். பேக் கியர் இல்லாமல் உங்கள் லேத்தின் குறைந்த வேகம் 120 என்று வையுங்கள். 21-க்கு இறக்க டிரைவில் 9 ஹெர்ட்ஸ் வைக்க வேண்டும். அப்போது 2 எச்பி மோட்டார் தருவது அரை எச்பி கூட இல்லை. டூல் பட்டதும் சக் நின்றுவிடும். மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் காயில் சூடேறும். பேக் கியர் ஆறுக்கு ஒன்றாகக் குறைத்தால் அதே 20 சுற்று வரும், இழுவிசையும் ஏறக்குறைய ஆறு மடங்காகும். 1817-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் செய்த லேத்திலேயே பேக் கியர் உண்டு.

சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். நேர்ப்பல் கியர் கத்தத்தான் செய்யும். மெயினை அணைத்து, பேக் கியரைப் போட்டு, சக்கைக் கையால் சுற்றுங்கள். ஒரே இடத்தில் மட்டும் ‘டக்’ என்று தட்டினால் ஒரு பல் உடைந்திருக்கிறது. பித்தளை வைத்து ஊதி, அரத்தால் ராவி எடுத்துவிடலாம். பல் உடைவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். புல்லியையும் பெரிய கியரையும் சேர்க்கும் பின்னை உருவாமல் பேக் கியரைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் இரண்டும் மல்லுக்கு நின்று பல் தெறிக்கும். வேலைக்கு வரும் பையன்கள் பேக் கியரை அழகாகப் படம் வரைவார்கள், பரீட்சையில் மார்க் அதற்குத்தான். பின்னை உருவ யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். கழற்றிய கியர் இரும்பு விலைக்குப் போகும், அடுத்த வாரம் இன்னொரு லேத்துக்கு ‘ஸ்பேர்’ என்று நல்ல விலைக்கு விற்கும். பில் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. புதிதாக வெட்டித் தருகிறேன் என்பவரையும் விசாரியுங்கள். பழைய மெஷின்களில் பல்லின் அளவு பெரும்பாலும் டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்ற அங்குலக் கணக்கு, இப்போதைய கட்டர்கள் மாட்யூல் என்ற மி.மீ. கணக்கு. 10 டி.பி. என்பது 2.54 மாட்யூல். 2.5 கட்டரால் வெட்டிவிட்டு ‘கிட்டத்தட்ட ஒண்ணுதான்’ என்பார்கள். ஒன்றல்ல, பழைய பல்லையும் சேர்த்துத் தின்னும். ‘நார்ட்டன் பாக்ஸ் இருக்கு, பேக் கியர் எதுக்கு’ என்றாலும் ஏமாறாதீர்கள். 1892-இல் நார்ட்டன் காப்புரிமை வாங்கிய அந்தக் கியர் பெட்டி மரை வெட்டவும், டூல் நகரும் ஃபீடை மாற்றவும்தான். சக்கின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரே ஒரு விலக்கு. பட்டறையில் சிங்கிள் பேஸ் லைன் மட்டும் என்றால் கவனம். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாரைச் சாதாரண வி.எஃப்.டி.யில் ஓட்டக் கூடாது. ‘இருக்கிற மோட்டாரே போதும்’ என்று மாட்டிவிட்டுப் போனால் மோட்டார் புகையும். மூன்று பேஸ் மோட்டார் வேண்டும். அதிலும் சிங்கிள் பேஸ் எடுக்கும் சாதாரண டிரைவ் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. 2 எச்பி மோட்டார் பொதுவாக 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று காயிலின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிந்தது). அதை டெல்டாவுக்கு (காயில்களை வளையமாக இணைப்பது) மாற்றினால்தான் இழுக்கும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் பத்து நிமிஷ வேலை. மூன்றுதான் என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கிறது, வைண்டிங் கடைக்காரர் திறந்து எடுத்துத் தர வேண்டும். டிரைவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்த மூடியைக் கழற்றி முனைகளை எண்ணிப் பாருங்கள்.