இமயத்தில் பறவை தேடும் நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமயமலைப் பள்ளத்தாக்குகளில் வழிகாட்டியுடன் பறவை பார்க்கச் செல்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மலையேற்றம் எனக்குப் பழக்கம்தான். பறவை பார்க்கும் பயணம் அதிலிருந்து எப்படி வேறுபடும்? பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் வேறுபாடு வேகம். சாதாரண மலையேற்றத்தில் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பார்கள். பறவை நடையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனாலே அதிகம், அதிலும் பாதி நேரம் நிற்பதிலேயே போய்விடும். நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கால் பரபரப்பவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு பேர் வரை சரி. மலைப்பாதை ஒற்றையடிப் பாதை என்பதால், பத்துப் பேர் வரிசையாகப் போனால் முன்னால் நிற்பவர் பார்த்த பறவை பின்னால் இருப்பவர் வந்து சேருவதற்குள் பறந்திருக்கும். அடுத்து, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள்? 'சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு' என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம். வெளிச்சம் வரும்போதே காட்டில் இருக்க வேண்டும், சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போய்விடலாம். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தங்குகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரகாண்டுக்குப் போவதானால் கூடாரம் எங்கே போடுவார்கள் என்றும் கேட்க வேண்டும். புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம், வழிகாட்டிக்குப் பறவைகளின் குரல் தெரியுமா என்பது. ஓக், ரோடோடென்ட்ரான் காடுகளில் பறவை கண்ணில் படும் முன் காதில் விழுந்துவிடும். குரல் தெரியாத வழிகாட்டி உங்களைப் போலவே இலைகளுக்கு நடுவே தேடிக்கொண்டுதான் இருப்பார்.

கேள்வி: எனக்கு வயது 58, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சோப்தா, துங்கநாத் போகலாமா? உயரம் ஒத்துக்கொள்ளுமா?

ரத்த அழுத்தம் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். பயணத் திட்டத்தையும் தங்கும் உயரங்களையும் அவரிடம் காட்டிக் கேளுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, பகலில் எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. உத்தரகாண்டில் உள்ள சோப்தா சுமார் 2,700 மீட்டர், துங்கநாத் சுமார் 3,680, அதற்கு மேலே சந்திரசிலா ஏறக்குறைய 4,000. பகலில் மேலே போய்விட்டுச் சோப்தாவுக்கே திரும்பித் தூங்கினால் உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மேலேயே தங்கும் நீண்ட பயணமாக இருந்தால், 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் இடம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவும் தங்க வேண்டும். விமானத்தில் நேராக லடாக்கின் லே நகரத்துக்குப் போய் இறங்குபவர்கள் ஒரேயடியாகச் சுமார் 3,500 மீட்டருக்குப் போய்விடுகிறார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு அவர்களுக்குக் கட்டாயம்.

பறவை பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நாள் முழுக்க அண்ணாந்து மரத்தைப் பார்த்தால் கழுத்து வலித்துத் தலைவலி வரும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயின் முதல் அறிகுறியும் தலைவலிதான். 'கழுத்துப் பிடிப்பாக இருக்கும்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த உயரத்தில் வரும் எந்தத் தலைவலியையும் உயர நோயாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள். கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. கூடிக்கொண்டே போனால் கீழே இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே இறக்கிவிட வேண்டும். உயர நோயைத் தடுக்கப் பயன்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் எடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மலையில் தூரம் அதிகம் என்பதால் 20x50 பைனாகுலர் வாங்க நினைக்கிறேன். சரியா?

வேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் இருபது மடங்காகும். மூச்சு வாங்க ஏறி நின்றவுடன் அதில் எதையும் நிலையாகப் பார்க்க முடியாது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 20x50-ல் அது 2.5 மி.மீ. மட்டுமே, விடியற்காலைக் காட்டில் எல்லாம் இருட்டாகவே தெரியும். 8x42-ல் 5.25 மி.மீ., 10x42-ல் 4.2. காட்டுக்கு 8x42 போதும். திறந்த புல்வெளிகளே அதிகம் என்றால் 10x42 எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கியவுடன் கண்ணுக்கு ஏற்றபடி ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமலே பயணம் முழுக்கத் தலைவலியோடு பார்க்கிறார்கள். வலது லென்ஸைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணுக்குத் தூரத்து எழுத்து ஏதாவது தெளிவாகத் தெரியும்படி செய்யுங்கள். பிறகு இடதை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள், பையில் உரசி நகர்ந்துவிடும். கண்ணாடி அணிபவர்கள் கண் பக்க ரப்பர் வளையங்களை முழுதும் இறக்கிவிட வேண்டும்.

பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவையிலேயே வைத்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அதைக் கண்ணில் வைத்தபடி ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. பாதையின் மறுபக்கம் பள்ளம்.

கேள்வி: நான்கு நாள் நடந்தும் பத்துப் பதினைந்து வகைக்கு மேல் பார்க்க முடியவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் நேரத்தில்தான் தவறு இருக்கும். காலையில் பள்ளத்தாக்கின் எந்தச் சரிவில் முதலில் வெயில் விழுகிறதோ அங்கே நில்லுங்கள். குளிரில் ஒடுங்கியிருந்த பூச்சிகள் அங்கேதான் முதலில் அசையத் தொடங்கும், அவற்றைத் தேடிப் பறவைகள் வரும். பிறகு பத்து மணி போல் காடு அடங்கிவிடும், பிற்பகல் மூன்றுக்குப் பிறகு மறுபடி சுறுசுறுப்பு வரும். நடுவில் மேகம் ஏறிவிடுவதும் உண்டு.

காடு வெறிச்சோடிக் கிடந்து, திடீரென்று ஒரே மரத்தில் பல சிறு பறவைகள் மொய்க்கும். பட்டாணிக்குருவிகள், கதிர்க்குருவிகள், மரப்பட்டையில் ஊர்ந்து ஏறும் பறவைகள் எல்லாம் கலந்த கூட்டம் அது. துரத்தினால் கலைந்துவிடும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றால் அதுவே உங்களைக் கடந்து போகும்.

ஓடைக்கரையில் தண்ணீர்ச் சத்தத்தில் குரல் கேட்காது. வெள்ளை எச்சம் படிந்த பாறைகளைத் தேடுங்கள், அவைதான் பறவைகள் வழக்கமாக அமரும் இடங்கள். செம்பழுப்பு வாலை விரித்து விரித்து மூடும் சாம்பல்நீல ரெட்ஸ்டார்ட்டும், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இரை தேடும் பழுப்பு டிப்பரும் அங்கே கிடைக்கும்.

மோனால் என்ற மலைக்காட்டுக் கோழியைக் காண, மரங்கள் வளர்வது நின்றுபோகும் மர எல்லைக்குப் போக வேண்டும், மேற்கு இமயத்தில் அந்த எல்லை ஏறக்குறைய 3,300 முதல் 3,600 மீட்டர். கோடையில் அந்த எல்லையை ஒட்டிய புல்வெளிகளில் அதிகாலையிலும் மாலையிலும் மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும். குளிர்காலத்தில் கீழே காட்டுக்குள் இறங்கிவிடும். இவ்வகைக் கோழிகள் மிரண்டால் மேல்நோக்கி ஓடும், பறந்தால் கீழ்நோக்கிப் பறக்கும். அதனால் அதற்கு மேலிருந்து போய் நிற்காதீர்கள், ஒரே பாய்ச்சலில் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். கீழே அல்லது எதிர்ச் சரிவில் உட்கார்ந்து பார்த்தால் நிதானமாக மேய்வதைக் காணலாம்.

காடு அடங்கும் அந்த நேரத்தில் வானத்தைப் பாருங்கள். சரிவுகள் சூடேறிக் காற்று மேலெழும்போதுதான் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கிளம்பும். வால் ஆப்பு வடிவில் நீண்டிருந்தால் தாடிப் பாறு, வால் குட்டையாக, உடல் வெளிறி, இறகு ஓரங்கள் கருத்திருந்தால் இமயப் பாறு.

கேள்வி: கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் அந்தக் குரலை எதிரி வந்துவிட்டான் என்றே ஆண் பறவை எடுத்துக்கொள்ளும். இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். உயரமான இடங்களில் கோடை மிகக் குறுகியது, குஞ்சு பொரித்து வளர்க்க அதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். ஒவ்வொரு குழுவும் அதே வளைவில் நின்று ஒலிக்கவிட்டால் அந்த இணை இடத்தையே விட்டுப் போகலாம். வழிகாட்டி செய்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், 'அபூர்வப் பறவை' என்று அவர் காரணம் சொன்னாலும்கூட.

கேள்வி: கதிர்க்குருவிகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

இறகில் வெளிர் பட்டை ஒன்றா இரண்டா, உச்சந்தலை நடுவே கோடு உண்டா, வாலின் மேற்புறத் தொடக்கம் மஞ்சளா என்ற மூன்றை மட்டும் பார்த்து உடனே குறித்துக்கொள்ளுங்கள். குரலைப் பதிவு செய்துவிடுங்கள், பெயரை மாலையில் தேடலாம்.

கேள்வி: குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பைனாகுலரிலும் ஆவி படிகிறது. என்ன செய்வது?

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். பெரும்பாலும் மின்சாரம் உள்ளேதான் இருக்கும், வெளியே வராது. உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்து, தீர்ந்ததாகக் காட்டுவதோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரையும் கேமராவையும் மட்டும் சூடான அறைக்குள் வெறுமனே கொண்டுபோகக் கூடாது. வெளியிலேயே பையில் போட்டு இறுக மூடி உள்ளே எடுத்துப் போய், ஓரிரு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின் மேல்தான் படியும்.