கூட்டத்துக்கு வருகிறார்கள், வயலில் செய்வதில்லை

இரண்டு முறை பயிற்சி வைத்தும் ஒருவர்கூட நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் முறையில், தண்ணீர் விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, கூட்டத்தை விடுங்கள். யாராவது ஒருவரிடம் வயலில் ஒரு மூலையை மட்டும் கேளுங்கள். துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சச் சொல்லுங்கள். மேல்மண் காய்ந்து கிடந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். அதைக் கண்ணால் எட்டிப் பார்த்தால்தான் பயிர் காய்ந்துவிடுமோ என்ற பயம் போகும். பூக்கும் சமயத்தில் காயவிட வேண்டாம்.

1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியும் இந்த வழிதான்: வயலிலேயே கூடி, விவசாயிகளே பார்த்து, எண்ணி, முடிவெடுப்பது.

அப்புறம், பயிற்சிக்கு வந்தவர்தான் தண்ணீர் கட்டுபவரா? மடை திறப்பது வீட்டில் வேறொருவர் என்றால் அவரையல்லவா கூப்பிட வேண்டும்!