வேலை மாறுகிற இடைவெளியில் காப்புறுதி

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிறாள். பழைய வேலையை விட்டதோடு ஓகஸ்ட் 31இல் மருத்துவக் காப்புறுதியும் நின்றுவிட்டது. புது வேலையில் அது தொடங்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். பேரனுக்குத் தொய்வு இருக்கிறது. இங்கிருந்து பயணக் காப்புறுதி எடுத்து அனுப்பலாமா? தற்காலிகக் காப்புறுதி என்று மலிவாக விற்பதை வாங்கலாமா?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். பயணக் காப்புறுதி போய்த் திரும்புகிறவர்களுக்கு. டிசம்பரில் பேரனைப் பார்க்க நீங்கள் போனால் உங்களுக்கு எடுங்கள், அங்கேயே குடியிருக்கிற பிள்ளைக்கு அது உதவாது. அந்த மலிவான தற்காலிகக் காப்புறுதியோ ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காசு தராது, அதாவது பேரனின் தொய்வுக்கே தராது. நியூ ஜேர்சியில் அதை விற்கவும் முடியாது, யாராவது விற்க வந்தால் விலகி நிற்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று கேளுங்கள், மருமகனுக்கு வேலைத்தலத்தில் காப்புறுதி இருக்கிறதா? இருந்தால் மகளின் காப்புறுதி நின்று 30 நாளுக்குள் கேட்டு எல்லோரும் அதில் சேரலாம், விஷயம் அதோடு முடிந்தது.

இல்லையென்றால் கோப்ரா என்று ஒரு சட்டம் இருக்கிறது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமென்றால், விலகினவர் அதே காப்புறுதியைத் தன் காசில் தொடரலாம். கட்டணம் கூடத்தான், முதலாளி கட்டின பங்கையும் சேர்த்து, அதற்கு மேல் 2 வீதம் வரைக்கும் கேட்பார்கள். ஆனால் பலர் கவனிக்காத இடம் இதுதான்: சேருவதா இல்லையா என்று முடிவெடுக்க 60 நாள் தருகிறார்கள், அந்த 60 நாளுக்குள் எப்போது சேர்ந்தாலும், விட்டுப்போன மாதங்களின் காசைக் கட்டினால், காப்புறுதி நின்ற நாளிலிருந்தே செல்லும்.

என் பெறாமகள் ஒருத்திக்கு இப்படித்தான் நடந்தது. வேலை மாறுகிற நேரம் வந்த கோப்ராக் கடிதத்தைப் பிரிக்காமலே சப்பாத்துத் தட்டுக்கு மேல் போட்டிருந்தாள். நாற்பதாவது நாளோ என்னவோ, வாசலில் பனிக்கட்டியில் சறுக்கி மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, மற்றக் கையாலும் பல்லாலும் அந்த உறையைக் கிழித்து, நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அழுதாளாம். நாள் இருந்தது. சேர்ந்தாள், பில் முழுவதும் அவள் தலையில் விழாமல் தப்பினாள்.

ஆனால் உங்கள் பேரனுக்கு மருந்து நிற்காமல் வேண்டும், அதனால் காத்திருந்து பார்க்கிற வேலை சரிவராது. மாநிலத்தின் காப்புறுதிச் சந்தை ஒன்று இருக்கிறது, 'கெற் கவர்ட் என்ஜே' என்று பெயர். வேலையோடு காப்புறுதி போனவர்கள் 60 நாளுக்குள் அதில் சேரலாம், பழைய வருத்தம் என்று தள்ளமாட்டார்கள், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணமும் குறையலாம். மகளுக்கு அந்த நாள் ஒக்டோபர் 30. பெரும்பாலும் அடுத்த மாதம் முதலாம் திகதிதான் தொடங்கும், ஆகவே இந்த மாதமே பதியச் சொல்லுங்கள். இடையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அந்த நாட்களுக்குக் கோப்ரா கைகொடுக்கும். கடிதம் வராவிட்டால் பழைய இடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே நாங்கள் நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினால் யாரும் காசு கேட்பதில்லை, அந்தப் பழக்கத்தில் அங்கேயும் சமாளிக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே காப்புறுதி இல்லாத ஒரு இரவுக்கு வருகிற பில் பல மாதச் சம்பளத்தைத் தின்னும். இன்றைக்கு மகளோடு கதைக்கும்போது முதலில் அந்தக் கடிதம் எங்கே என்று கேளுங்கள், அதில் போட்டிருக்கிற கடைசித் திகதியை வாசிக்கச் சொல்லி நீங்களும் இங்கே கலண்டரில் குறித்து வையுங்கள்.