அமெரிக்காவில் கவுண்டி அரசுக் கூட்டத்தில் வழக்கமாக என்னதான் நடக்கும்? நாம் போய் உட்காரலாமா?

கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது: கவுண்டிக் கூட்டத்தில் என்ன செய்கிறார்கள், குடியுரிமை இல்லாதவர்கள் போகலாமா, போனால் பிரயோஜனம் உண்டா.

கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு. நான் இருப்பது டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில். பிளானோ, ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி என்று நம் ஆட்கள் நிறைய இருக்கிற பகுதி. மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறும், அதனால் நான் சொல்வதை டெக்சஸுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாராளமாகப் போகலாம், வாசலில் யாரும் விசா கேட்பதில்லை, கூட்டம் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்தது. பிரயோஜனமும் நிச்சயம் உண்டு. ஆனால் அஜெண்டாவை, அதாவது நிகழ்ச்சி நிரலை, படிக்காமல் போனால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், என்ன நடந்தது என்றே தெரியாது.

டெக்சஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றையும் நடத்துவது ஐந்து பேர். கவுண்டி முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிற ஒரு கவுண்டி ஜட்ஜ், கவுண்டியை நான்காகப் பிரித்து பகுதிக்கு ஒருவராக நான்கு கமிஷனர்கள், எல்லோருக்கும் நான்கு வருடப் பதவி. இந்தக் குழுவைக் கமிஷனர்ஸ் கோர்ட் என்பார்கள், வழக்கு நடக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள், கவுண்டியின் நிர்வாகக் குழுவே இதுதான். 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேர் இருந்த லவிங் கவுண்டிக்கும் ஐந்து பேர், 47 லட்சம் பேர் இருந்த, ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டிக்கும் அதே ஐந்து பேர். நகராட்சிகளைப் போலத் தாமாகச் சட்டம் போட இவர்களுக்கு அதிகாரம் கிடையாது, மாநிலச் சட்டம் எதைச் செய்யச் சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் செய்யலாம். சிறை, நீதிமன்றக் கட்டடங்கள், நகர எல்லைக்கு வெளியே போகிற சாலைகள், தேர்தல், பத்திரப் பதிவு, வண்டிப் பதிவு, இதெல்லாம் கவுண்டியின் கையில்.

கூட்டம் வேலை நாளில் பகல் நேரத்தில் இருக்கும், நம்மில் பலர் போகாததற்கு இதுவே முதல் காரணம். ஆரம்பத்தில் பல கவுண்டிகளில் ஒரு பிரார்த்தனை, அப்புறம் அமெரிக்கக் கொடிக்கும் டெக்சஸ் கொடிக்கும் தனித்தனியாக உறுதிமொழி. பிறகு ஏதாவது பாராட்டுத் தீர்மானம் வாசிப்பார்கள், ஓய்வு பெறுகிற ஊழியர் குடும்பத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொள்வார். எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும், முப்பது வருடம் சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்த ஒருவரை ஊர் கூடிக் கைதட்டி அனுப்புவது நல்ல விஷயம்.

அடுத்து வருவதுதான் முக்கியம், கன்சென்ட் அஜெண்டா. தகராறு இல்லாத விஷயங்கள் என்று அலுவலகம் நினைக்கிறதையெல்லாம் ஒரே பட்டியலாகப் போட்டு, ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்து, ஒரே வாக்கெடுப்பில் மொத்தத்தையும் நிறைவேற்றிவிடுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. போன கூட்டத்தின் மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு), கட்ட வேண்டிய பில்கள், பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றுவது, அதிகமாகக் கட்டிய வரியைத் திருப்பித் தருவது, டெண்டர் விடுவது, டெண்டரை யாருக்குக் கொடுப்பது, பக்கத்து நகராட்சியோடு சாலை ஒப்பந்தம், வேலை நியமனங்கள், எல்லாம் அதற்குள் இருக்கும். கவுண்டியின் பணம் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் வெளியே போகிறது. காரசாரமாக விவாதம் நடக்கிற நாளில் வந்து உட்கார்ந்துவிட்டு, கன்சென்ட் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிறைக் கைதிகளின் மருத்துவச் சேவை ஒப்பந்தத்தில் திருத்தம் என்று பட்டியலில் ஒரே ஒரு வரி வரும். இணையத்தில் அஜெண்டாவைத் திறந்து அந்த வரியை அழுத்தினால் பின்னாலிருந்து பக்கம் பக்கமாக ஆவணம் திறக்கும்: பழைய ஒப்பந்தம், புது விலை, எத்தனை மணி நேரம் நர்ஸ் இருக்க வேண்டும், மருந்துச் செலவு எந்த அளவைத் தாண்டினால் கவுண்டி தலையில் விழும், கீழே துறைத் தலைவரின் குறிப்பு. சிறையில் இருக்கிற ஒருவருக்கு இரவில் நெஞ்சு வலித்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது அந்தத் தாளில்தான் முடிவாகிறது. அதைப் படித்துவிட்டு ஒரு கமிஷனர், இந்த ஐட்டத்தைத் தனியாக எடுங்கள் என்று சொன்னால் போதும், பட்டியலிலிருந்து அது வெளியே வந்து தனி விவாதமாகிவிடும். நாமும் முன்கூட்டியே நம் கமிஷனருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இதைத் தனியாக எடுத்துப் பேசுங்கள் என்று கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன், எடுத்தும் பேசினார்கள். எடுத்தால்தான் கேள்வி வரும், கேள்வி வந்தால்தான் பதில் மினிட்ஸில் ஏறும்.

பில்கள் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கவுண்டியின் பில்களைச் சரிபார்க்கிற ஆடிட்டரை நியமிப்பது கமிஷனர்கள் இல்லை, மாவட்ட நீதிபதிகள். ஆடிட்டர் பார்த்து ஒப்புக்கொள்ளாத பில்லைக் கமிஷனர்ஸ் கோர்ட் பாஸ் பண்ண முடியாது. செலவு செய்கிறவர் கையில் சரிபார்க்கிறவரின் வேலை இருக்கக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு, எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடும்கூட.

கோடையில் போனால் தீத்தடை வரும். வறட்சி முற்றிய நாட்களில் நகர எல்லைக்கு வெளியே திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போடலாம், ஒரு உத்தரவு அதிகபட்சம் 90 நாள் செல்லும். வெள்ளம், சூறாவளி மாதிரி வந்தால் கவுண்டி ஜட்ஜ் தனியாகவே பேரிடர் அறிவிக்கலாம், ஆனால் ஏழு நாளுக்கு மேல் அது நீடிக்க வேண்டுமானால் மற்ற நால்வரும் இருக்கிற கோர்ட்டின் சம்மதம் வேண்டும்.

சரி, பொதுமக்கள் பேசுகிற நேரம். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு மைக் முன்னால் போய் நிற்க வேண்டும், பெரும்பாலும் மூன்று நிமிடம். இதில் புதிதாக வருகிறவர்கள் மனம் நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கிராமப் பக்கம் குதிரை வளர்க்கிற ஒரு பெரியவர் வந்து, மழை பெய்தால் தன் வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஜல்லிச் சாலை கரைந்து ஓடுகிறது, பள்ளி பஸ் திரும்ப இடமில்லை என்று கை நடுங்க ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு படித்தார். ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படித்து முடித்ததும் ஜட்ஜ் நன்றி என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பெரியவர் ஒரு நொடி அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினார். பார்க்கிறவர்களுக்கு இது திமிர் மாதிரித் தெரியும், ஆனால் காரணம் சட்டம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை யாராவது எழுப்பினால், உண்மைத் தகவல் ஒன்றைச் சொல்லலாம், இருக்கிற கொள்கையை எடுத்துச் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் சேர்க்கலாமா என்று பேசலாம், அவ்வளவுதான், அதைத் தாண்டி விவாதிக்கவோ முடிவெடுக்கவோ டெக்சஸின் திறந்த கூட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தச் சாலையில் ஒரு கருத்து இருக்கலாம், இது பேசப்படப்போகிறது என்று அவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும் இல்லையா? அன்று கூட்டம் முடிந்ததும் அந்தப் பகுதிக் கமிஷனரின் உதவியாளர் வராந்தாவில் பெரியவரைப் பிடித்து விலாசம் எழுதிக்கொண்டார். அப்படித்தான் வேலை நடக்கும். இதை யாராவது மைக் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வைத்தால் எத்தனையோ பேர் மனம் உடைந்து போகாமல் இருப்பார்கள் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு எவ்வளவு முன்பு அஜெண்டாவை வெளியிட வேண்டும் என்கிற அந்த முன்னறிவிப்பு நீண்ட காலம் 72 மணி நேரமாக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து அது மூன்று வேலை நாட்கள். முன்பெல்லாம் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை அஜெண்டா போட்டால் போதும், சனி ஞாயிறு கழிந்துவிடும், அலுவலகத்துக்குப் போன் பண்ணி விவரம் கேட்க நாளே இருக்காது. இந்த மாற்றம் நல்ல மாற்றம்.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயம். ஐவரில் மூன்று பேர் சேர்ந்து கவுண்டி விஷயத்தைப் பேசினாலே அது கூட்டம்தான், அறிவிப்பு இல்லாமல் பேசக் கூடாது. மூடிய அறைக்குள் போகிற எக்ஸிகியூட்டிவ் செஷனுக்கும் எல்லை உண்டு: வழக்கறிஞரோடு ஆலோசனை, நிலம் வாங்குவது, குறிப்பிட்ட ஊழியர் பற்றிய விஷயம், பாதுகாப்பு ஏற்பாடு மாதிரிச் சிலவற்றை உள்ளே பேசலாம், வாக்களிப்பதற்கு வெளியே வந்தாக வேண்டும்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். அப்போதுதான் பட்ஜெட்டும் வரி விகிதமும் வரும், பெரும்பாலான கவுண்டிகளுக்கு அக்டோபர் 1 நிதியாண்டுத் தொடக்கம். காலின் கவுண்டியின் விகிதம் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 15 சென்ட் அளவில் இருக்கிறது, நம் சொத்து வரிச் சீட்டில் பெரும் பகுதி பள்ளி மாவட்டத்துக்குப் போவதுதான். அதனால் கவுண்டியை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சட்டம் இந்த விஷயத்தில் படுகறார். போன வருடத்தை விட அதிகச் சொத்து வரி வசூலாகிற பட்ஜெட் என்றால், எவ்வளவு அதிகம் என்பதைக் குறைந்தது 18 பாயிண்ட் அளவுள்ள பெரிய எழுத்தில் பட்ஜெட்டின் அட்டையில் அச்சடிக்க வேண்டும். அதே சொத்துகளிலிருந்து போன வருட வசூலையே தரக்கூடிய விகிதத்தைத் தாண்டினால், சொத்து வரி விகிதத்தை உயர்த்த முன்மொழிகிறேன், இது இத்தனை சதவீத உயர்வு என்று சட்டம் எழுதிக் கொடுத்திருக்கிற வாக்கியத்தையே முன்மொழிபவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துப் பேசித் தப்பிக்க முடியாது.

சாதாரணக் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தால் போதும், வரி விதிக்கிற அன்று மட்டும் நான்கு பேர் இருந்தாக வேண்டும். ஹாரிஸ் கவுண்டியில் 2019-லும் 2022-லும் இரண்டு கமிஷனர்கள் அந்தக் கூட்டத்துக்கு வராமலே இருந்து, பெரும்பான்மை விரும்பிய வரி விகிதத்தை நிறைவேறவிடாமல் செய்தார்கள். கெடுவுக்குள் நிறைவேறாவிட்டால், போன வருட விகிதம், போன வருட வசூலைத் தரும் விகிதம், இரண்டில் எது குறைவோ அது தானாக அமலுக்கு வந்துவிடும். அது சரியா தப்பா என்று எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் ஒரு பதில் இருக்கும். என் கருத்து, வாக்குப் போட்டு அனுப்பினவர்கள் சார்பாக வந்து உட்கார்ந்து எதிர்த்து வாக்களிப்பதுதான் முறை, வராமல் இருப்பது முறையில்லை.

கடைசியாக, நம்மவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. 2019-இல் வந்த சட்டத் திருத்தப்படி, அஜெண்டாவில் இருக்கிற எந்த விஷயத்தின் மீதும் அது முடிவாவதற்கு முன் பேச நமக்கு உரிமை உண்டு, கன்சென்ட் பட்டியலில் இருக்கிற ஐட்டத்துக்கும் சேர்த்துத்தான். நேரத்துக்கு வரம்பு வைத்திருந்தால், மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும், உடனுக்குடன் மொழிபெயர்த்துக் காதில் கேட்கிற கருவி வசதி இருந்தால் மட்டும் விலக்கு. மூன்று நிமிடம் என்றால் ஆறு நிமிடம். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கிற அப்பா அம்மாக்கள், தினமும் காலையில் நடக்கிற சாலையில் நடைபாதை இல்லை என்று அங்கே தமிழிலேயே சொல்லலாம், பக்கத்தில் நின்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். போகிறதற்கு முன் அந்தச் சாலை கவுண்டியினுடையதா நகராட்சியினுடையதா மாநிலத்தினுடையதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நகராட்சியினுடையது என்றால் சிட்டி கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். அஜெண்டா எண்ணைக் குறித்துக்கொண்டு, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே சீட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.