சப்பாத்திக்கள்ளி கேள்வியில் மட்டும் ஏன் மார்க் போகிறது?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இயற்கைத் தேர்வுக்கு (சூழலைத் தாங்குபவை பிழைத்துப் பெருகுவது) அந்துப்பூச்சி உதாரணத்தைச் சரியாக எழுதுகிறாள். சப்பாத்திக்கள்ளி என்றால் மட்டும் "தண்ணீரை மிச்சப்படுத்த இலையை முள்ளாக மாற்றிக்கொண்டது" என்கிறாள். எப்படித் திருத்துவது?

பதில்: புகைக்கரி படிந்த மரத்தில் வெளிர் அந்துப்பூச்சி பளிச்சென்று தெரியும்; அதைப் பறவை கொத்துகிறது, சாவு கண்ணுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1848இல் பதிவான கருப்பு வகை 1895க்குள் 98 சதவீதமானது ஏன் என்று அவளுக்குப் புரிவது அதனால்தான். செடிகளில் பெரும்பாலான சாவு சின்ன நாற்றாக இருக்கும்போதே முடிந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. மிஞ்சி நிற்கும் செடியைப் பார்த்து 'மாறிக்கொண்டது' என்று எழுதிவிடுகிறார்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டமும் லேசுப்பட்டதில்லை. பரிணாமம் விலங்கியல் புத்தகத்தில், வறண்ட நிலச் செடிகளின் தகவமைப்பு தாவரவியலில். இரண்டையும் முடிச்சுப்போட ஆளில்லை. அந்த இடைவெளியில் டியூஷன் சென்டர் 'முக்கிய வினா' நோட்ஸ் விற்கிறது. அதில் "பொருட்டு", "அதற்காக" என்று செடிக்கு நோக்கம் இருப்பதுபோல் சொல்லும் ஒருவரி விடைகளை அடித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

சாவு தெரிகிற செடி உதாரணம் ஒன்று கொடுங்கள். பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் 'குல்லி டண்டா' என்றொரு புல் களை. பத்தாண்டுக்கு மேல் ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லி மருந்தையே அடித்தார்கள். மருந்தை வேகமாகச் சிதைக்கும் சில புற்கள் மட்டும் பிழைத்து விதை போட்டன. 1990களின் தொடக்கத்தில் பல வயல்களில் மருந்து கேட்கவில்லை. எந்தப் புல்லும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தாங்காதவை செத்தன, தாங்கியவற்றின் விதை பெருகியது. கள்ளிக்கும் இதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள்: முதலில் என்ன வேறுபாடு இருந்தது, எது செத்தது, எதன் விதை மிஞ்சியது.

குழப்புவது ஒன்றுதான்: செடி தன் ஆயுளுக்குள் நிஜமாகவே மாறும். ஒரே பாக்கெட் பாசிப்பயறில் இருபது இருபதாக இரண்டு தொட்டியில் போடுங்கள். ஒன்று மொட்டைமாடியில், ஒன்று மங்கலான மூலையில். முழு இருட்டு வேண்டாம், பயறின் சத்து தீர்ந்து சாய்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் அழுகும். பத்து நாளில் மூலைச்செடி வெளிறி, ஒல்லியாக நீண்டிருக்கும். வெயிலுக்கு மாற்றினால் நீண்ட தண்டு குறுகாது, இலை பச்சையாகும். அதைக் காய்க்கவிட்டு விதையை வெயிலில் போட்டால் சாதாரணச் செடிதான் முளைக்கும். இது வெளிச்சத்துக்கேற்ற வளர்ச்சி. இதை இயற்கைத் தேர்வு என்று நோட்ஸில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடலாம்.