வாசகர் கேள்வி-பதில்: சின்னம் பிடுங்கப்பட்ட அரசர்

கேள்வி (கல்லூரி மாணவி, மன்னார்குடி): ஸ்காட்லாந்து அரசர் ஜான் பேலியலுக்கு ‘வெற்றுச் சட்டை’ என்று பெயர் வந்தது ஏன்?

பதில்: 1296 ஜூலையில் இங்கிலாந்து அரசர் எட்வர்டு அவரை முடிதுறக்க வைத்தபோது, மேலங்கியில் தைத்திருந்த அரச சின்னத்தையும் பிய்த்தெடுத்தார்கள். பொன்னிறத் துணியில் பின்னங்காலூன்றி எழும் சிவப்புச் சிங்கம், சுற்றிலும் இரட்டைக் கரை. சிங்கம் போனபின் மிஞ்சியது வெறுந்துணி. அதனால்தான் ‘டூம் டேபர்ட்’, அதாவது வெற்றுச் சட்டை. அந்த ஏளனம் அவருக்குத் தகாதது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி (வழக்கறிஞர், கும்பகோணம்): குலோத்துங்க சோழரைப் போல இவரும் பெண்வழி வாரிசாமே? பங்காளிகள் சும்மா விட்டார்களா?

பதில்: விடவில்லை. குலோத்துங்கர் ராஜேந்திர சோழரின் மகள் அம்மங்கை தேவியின் மகன்; 1070-இல் அரியணை ஏறினார். ஸ்காட்லாந்தில் சிக்கல் இதைவிடப் பெரிது. 1286-இல் மூன்றாம் அலெக்சாண்டர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வாரிசான சின்னப் பேத்தி மார்கரெட் 1290-இல் இறந்தாள். உரிமை கேட்டு வந்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல்.

அவர்களில் முக்கியமான மூவரும் ஸ்காட்லாந்து அரச குலத்தைச் சேர்ந்த ஹண்டிங்டன் பிரபு டேவிட்டின் மகள்கள் வழி வந்தவர்கள். பேலியல் மூத்த மகளின் பேரன். ராபர்ட் புரூஸ் இரண்டாவது மகளின் மகன். ஹேஸ்டிங்ஸ் மூன்றாவது மகளின் பேரன். “டேவிட்டுக்கு நான் ஒரு தலைமுறை நெருக்கம்” என்றார் புரூஸ். ஹேஸ்டிங்ஸோ நாட்டையே மூன்று பாகமாகப் பிரிக்கக் கேட்டார். ஒரு வேலி நிலமென்றால் 20 மாவாக அளந்து பிரித்துக் கொடுத்துவிடலாம். ராஜ்யத்தைப் பிரிக்க முடியாது என்று முடிவானது. விசாரித்தவர்கள் 104 பேர்: பேலியல் தரப்பில் 40, புரூஸ் தரப்பில் 40, வழக்குக்கு நடுவரான எட்வர்டு தரப்பில் 24. மூத்த கிளைக்கே உரிமை என்று 1292 நவம்பர் 17-இல் பெரிக் கோட்டையில் தீர்ப்பானது. சட்டப்படி அது சரியான தீர்ப்புதான்.

கேள்வி (வாசகர், திருத்துறைப்பூண்டி): அப்புறம் ஏன் நாலே வருஷத்தில் கவிழ்ந்தார்?

பதில்: வினை தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1291 ஜூனில் நோரம் என்ற ஊரில், எட்வர்டே தங்களுக்கு மேலதிகாரி என்று உரிமை கோரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கோட்டைகளும் அவர் கைக்குப் போயின. வழக்கில் யார் ஜெயித்தாலும் அந்த ஒப்புதல் கழுத்தில்தான் தொங்கும்.

பேலியல் நவம்பர் 30-இல் ஸ்கூனில் முடிசூடி, டிசம்பர் 26-இல் நியூகாசிலில் எட்வர்டின் முன் மண்டியிட்டார். பிறகு மேல்முறையீடுகள் வந்தன. மக்டஃப் என்பவர் நிலத்தகராறில் ஸ்காட்லாந்து அரசவை சொன்னதை ஏற்காமல் எட்வர்டிடம் போனார். 1293-இல் சாதாரணப் பிரதிவாதியைப் போல வெஸ்ட்மின்ஸ்டரில் வந்து நிற்கும்படி பேலியலுக்கே ஆணை. “என் நாட்டுப் பெரியோரைக் கேட்காமல் பதில் சொல்ல மாட்டேன்” என்றார். மூன்று கோட்டைகளைப் பறிமுதல் செய்வோம் என்றதும் பணிந்தார். தன் தீர்ப்பைத் தானே காக்க முடியாத அரசரிடம் பிறகு யார் நியாயம் கேட்டு வருவார்கள்?

1294-இல் பிரான்சோடு போருக்கு ஆள் அனுப்பச் சொன்னார் எட்வர்டு. பொறுமை இழந்த பிரபுக்கள் 1295-இல் 12 பேர் குழு அமைத்து ஆட்சியைக் கையிலெடுத்தார்கள். அக்டோபரில் பிரான்சோடு உடன்படிக்கையும் ஆனது. எட்வர்டு 1296 மார்ச் 30-இல் பெரிக் துறைமுகத்தைச் சூறையாடினார். ஏப்ரல் 27-இல் டன்பார் போர். ஆங்கிலப் படை ஓடை கடக்க வரிசை மாறியதை ஓட்டம் என்று எண்ணி, ஸ்காட்டுகள் மேட்டைவிட்டுக் கீழே பாய்ந்து நொறுங்கினார்கள்.

கேள்வி (ஆசிரியை, திருவாரூர்): முடிசூட்டுக் கல் என்ன ஆனது? அவர்?

பதில்: ஸ்கூனிலிருந்த அந்த 152 கிலோ மணற்கல்லை 1296-இல் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது 1996-இல். பேலியல் லண்டன் கோபுரத்தில் அடைபட்டு, 1299-இல் போப்பின் பொறுப்பில் விடப்பட்டு, 1314 வாக்கில் பிரான்சில் இறந்தார். வழக்கில் தோற்ற புரூஸின் பேரன் 1306-இல் அரசரானார். ஜான் என்ற பெயரே ராசியில்லாமல் போனது: 1390-இல் பட்டத்துக்கு வந்த இளவரசர் ஜான், மூன்றாம் ராபர்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டுதான் முடிசூடினார்.